எந்த ஓம்?

1. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஒப்பந்தக்காரர் அரசாங்கத்துக்காகக் கால்வாய்ச் சுவர் ஒன்றைக் கட்டினார்.
2. அடியில் பாறை இல்லை, சேறு. இன்னும் ஆழமாகத் தோண்டவா என்று அரசாங்கப் பொறியியலாளரைக் கேட்டார். அவர் ஆம் என்றார்.
3. எழுத்தில் உத்தரவு இல்லாத மேலதிக வேலைக்குக் கூலி கிடையாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது.
4. தோண்டிய கூலிக்கான வழக்கு நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை போனது.
5. அந்த வரி வென்றது.

பழைய தீர்ப்புகளின் படங்களைக் கணினி தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் மென்பொருளில் நான் வேலை செய்கிறேன். இந்தத் தீர்ப்பில் மை பரவியிருந்தது. மென்பொருள் தடுமாறியதால் நானே வரிவரியாகத் திருத்தினேன். திருத்திய நாளெல்லாம் ஒப்பந்தக்காரர் பக்கமே இருந்தேன். அவர் கேட்டார், ஒருவர் ஆம் என்றார். வேறென்ன வேண்டும்?

இதையெல்லாம் சொல்ல எனக்கு ஒருத்திதான் இருந்தாள். படித்த காலத்திலிருந்து என்னோடு வீட்டைப் பகிர்ந்த தோழி. பனிக்காலத்தில் ஒரு மாலை, அவள் சமைத்துக்கொண்டிருந்தபோது, "அடுத்த வருசமும் இஞ்சைதானே இருப்பம்?" என்று கேட்டேன். "ஓம், ஓம்" என்றாள்.

நாங்கள் இருக்கும் இந்த மாகாணத்தில், விலகுவதாக உரிய காலத்துக்குள் அறிவிக்காவிட்டால் வாடகை ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருடம் நீளும். நாங்கள் அறிவிக்கவில்லை. இருவர் பெயரிலும் நீண்டது.

மே மாதம், மறுபடியும் சமைத்துக்கொண்டிருந்தபோது, அவள் சொன்னாள்: "நான் ஆத்துக்கு அங்காலை லொங்குய்ய்க்குப் போறனடி. கலியாணத்துக்குப் பிறகு இருக்க அங்கை வீடு எடுத்திட்டம்."

"நீ ஓம் எண்டு சொன்னனி."

"எப்ப?"

"வெங்காயம் வதக்கேக்கை."

"அட கடவுளே! அது கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்ட ஓமடி. அம்மாவோட போனில நாள் முழுக்க ஓம் சொல்லுறன். அதுக்கெல்லாம் வழக்குப் போடுவியோ?"

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னைப் போக விடுவியோ?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. எழுத்து என் பக்கம் இருந்தது. நான் விடமாட்டேன் என்றால் அவள் அந்த வருடத்துக்குக் கட்டுப்பட்டவள். அரசாங்கத்தின் இடத்தில் நான் நின்றேன். வென்றால் கிடைப்பது, போக மனம்வைத்த ஒருத்தி அடுத்த அறையில் இருப்பது. அவ்வளவுதான்.

"ஓம்" என்றேன்.

"எந்த ஓம்?"

"எழுதித் தாறன்."

வீட்டுக்காரரும் சம்மதித்தார். அவள் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கிறாள். அவள் பேசும்போது பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். நான் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

தீர்ப்பைத் திருத்தி முடித்தாயிற்று. தேடினால் வருகிறது. வீடு என் பெயரில் மட்டும் இருக்கிறது. அவளுடைய அறைக்கு நான் இன்னும் ஆள் தேடவில்லை.