கொசு நெய்த சேலை

எழுபத்தாறுல, ஒழிஞ்சே போச்சுன்னு சொன்ன மலேரியா எங்க பிள்ளையார்பாளையத்துக்குத் திரும்பி வந்துது. வீடு வீடா மருந்தடிச்சுக்கினு வந்தவங்களை நான் தறிகிட்டயே விடலை. "ஒரு சொட்டு தெறிச்சாலும் பட்டு நாசம்பா! குமாரசாமி தறின்னா சும்மாவா?"ன்னு கத்தினேன். பெரிய மகாராஜா நான்!

மருந்துக்குத் தப்பின கொசுவெல்லாம் என் தறிக்குழியில குடியேறிச்சு. அந்தக் குழிக்குள்ள நாள் முழுக்கக் காலைத் தொங்கவிட்டு உட்கார்றவன் நான்தானே, இலை போட்டு விருந்து வெச்ச மாதிரி. வந்துது முறைக்காய்ச்சல், ஒருநாள் விட்டு ஒருநாள். அப்பவும் வீம்புக்கு நெய்தேன். நல்லா இருந்த நாள்ல நெசவு இறுக்கமா விழுந்துது. நடுங்கின நாள்ல தளர்ந்து அலையலையாப் போச்சு. "கட்டிக்கிறவ நம்மளைத் திட்டித் தீர்ப்பா"ன்னு தலையில அடிச்சுக்கினா என் சம்சாரம் ஏலவார்குழலி.

முதலாளி சேலையை விரிச்சார். நான் தலையைக் குனிஞ்சுக்கினு நின்னேன்.

"புது டிசைனா இருக்குதேப்பா! இத்தினி வருஷம் நெய்து, இப்பத்தான் உன் கைக்கு வேலை தெரிஞ்சிருக்குது. இதே மாதிரி இன்னொண்ணு கொண்டா"ன்னார்.

அதுக்குள்ள மாத்திரையில காய்ச்சல் விட்டுப்போச்சு. இப்போ தறிக்குழியில காலைத் தொங்கவிட்டுக்கினு, அந்த வேலை தெரிஞ்ச கொசுவுக்காகக் காத்துக்கினு இருக்கேன்.