காணாத முகத்துக்கொரு சிரிப்பு

பல்லக்காவுக்குத் தன் மேல் சந்தேகம் வந்து யாரும் பார்த்ததில்லை. அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் வழி காட்ட ஆள் கிடையாது. 'பல் செட் செய்கிற அக்கா' என்றால் போதும், சைக்கிள் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்து மாடியைக் கைகாட்டுவார். அக்காவுக்கு வயது நாற்பத்தைந்து. பேசியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. 'நான் செஞ்ச பல்லு பிடிக்கலைன்னு இதுவரைக்கும் ஒருத்தர் வந்ததில்லை' என்று வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லிவிடுவாள். அதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. பல் பிடித்தவர்களும் யாரும் வந்ததில்லை. அவள் செய்த பல்லைப் போட்டுக்கொண்ட ஒருவரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை.

அந்தத் தொழில் அப்படி. டாக்டர்களிடமிருந்து அட்டைப் பெட்டி வரும். உள்ளே, யாரோ ஒருவருடைய வாயின் அச்சு, வெள்ளை பிளாஸ்டரில். கூட ஒரு சீட்டு. அதில் வயது, ஆணா பெண்ணா, பல்லின் நிற எண் என்று மூன்றே விவரம். அக்கா அந்த அச்சின் மேல் மெழுகில் பல் வரிசையை நட்டுப் பார்ப்பாள். அது ஒரு தடவை டாக்டரிடம் போய், நோயாளியின் வாயில் வைத்துப் பார்க்கப்பட்டுத் திரும்பி வரும். பிறகுதான் மெழுகை எடுத்துவிட்டு ஈறு நிறப் பிளாஸ்டிக்கில் வேக வைப்பாள். இரண்டாவது மாடியில் ஒற்றை அறை, ஜன்னலோரம் நீள மேசை, ஸ்பிரிட் விளக்கு, பாலிஷ் போடும் மோட்டார், அலமாரியில் ஒரு பழைய ரேடியோ. எத்தனை தடவை துடைத்தாலும் ரேடியோவின் தலையில் பிளாஸ்டர் தூசி ஏறிவிடும்.

ரேடியோவைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது. இருபத்தோரு வயதில் அதே அறையில் வேலை பழகச் சேர்ந்த முதல் வாரம், அதில் ஒரு பாட்டு வந்தது. கடிதத்தில் மட்டுமே பழகிய ஒருத்தியை நினைத்து ஒருவன் பாடுகிற காதல் பாட்டு.

காணாத முகத்துக்கொரு சிரிப்பை வரைந்து வைத்தேன்,
காட்ட வந்தேன், நீயோ வேறு விதமாய்ச் சிரித்தாய்.

முதல் அடியிலேயே அவள் கையிலிருந்த மெழுகுக் கத்தி நின்றுவிட்டது. முன்னால் யாரோ ஒருவரின் பொக்கை வாய் பிளாஸ்டரில் உட்கார்ந்திருந்தது. காணாத முகம். அதற்கு ஒரு சிரிப்பு. இது தனக்கென்றே எழுதிய பாட்டு என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டாள். கூட வேலை பழகிய பெண்கள் அந்தப் பாட்டைக் கேட்டுத் தங்கள் தங்கள் ஆளை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவளுக்கு அது காதல் பாட்டாக மட்டும் இல்லை, வேலை உத்தரவாகவும் இருந்தது. இரண்டாவது அடி வருவதற்குள் அவள் கத்தியை விளக்கில் காட்டி வேலையைத் தொடங்கியிருந்தாள்.

அன்றிலிருந்து சீட்டைக் கையில் எடுத்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். 'அறுபத்தேழு, ஆண்' என்றால், கறாரான மனிதர், வீட்டில் எல்லோரையும் அதட்டுவார், பேத்தியிடம் மட்டும் பல்லைக் காட்டுவார் என்று ஒரு ஆளையே உண்டாக்கிவிடுவாள். அந்த ஆளுக்கு ஏற்றபடி முன்பல்லின் ஓரத்தைக் கொஞ்சம் தேய்ப்பாள். ஒரு பல்லை மயிரிழை திருப்பி நடுவாள். அதனால்தான் அவள் செய்த பல்லைப் பொய்ப்பல் என்று யாராலும் கண்டுபிடிக்க முடிவதில்லை என்று டாக்டர்களே சொன்னார்கள். அக்காவுக்கும் தலைக்கனம் சும்மா வந்துவிடவில்லை.

கல்யாணமும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. ஒரு நாள் அந்தக் கட்டிடத்து லிப்ட் நின்றுபோக, பழுது பார்க்க ஒருவர் குழிக்குள் இறங்கினார். மூன்று நாள் அவருடைய குரல் மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது. கனமான, நிதானமான குரல். அக்கா அந்தக் குரலுக்கு ஆறடி உயரமும், அடர்ந்த மீசையும், சுருட்டை முடியும் கொடுத்து முடித்திருந்தாள். நான்காம் நாள் கிரீஸ் பூசிய முகத்தோடு மேலேறி வந்தவர் அவள் தோளுயரம்தான் இருந்தார். முன்வழுக்கை வேறு. அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவரும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். ஆறு மாதத்தில் கல்யாணம். இன்றைக்கும் அந்தத் தெருவிலுள்ள லிப்டுகளெல்லாம் அவர் கையில்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பட்டறைக்கு வந்துவிடுவார்.

இப்படிப்பட்ட அக்காவுக்குத்தான் அந்த வாரம் ஒரு சோதனை வந்து வாய்த்தது.

திங்கட்கிழமை ஒரு பெட்டி வந்தது. பெண், வயது ஐம்பத்தெட்டு, மேல் வரிசை முழுவதும். இந்தத் தடவை பெட்டிக்குள் இரண்டு அச்சுகள் இருந்தன. ஒன்று இப்போதைய வாய். மற்றது பல் எடுப்பதற்கு முன்னால் எடுத்து வைத்த பழைய அச்சு. பழைய அச்சில் இடதுபக்கத்துப் பல் ஒன்று முன்பல்லின் மேல் ஏறி, காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. அக்கா கண்ணை மூடினாள். பாவம், ஐம்பத்தெட்டு வருஷம் பழகிய சிரிப்பு. கண்ணாடியில் திடீரென்று வேறு யாரோ சிரித்தால் மனசு எப்படித் தாங்கும்? அந்த ஏறுபல்லை அப்படியே திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள். நினைக்கும்போதே அக்காவுக்குக் கண் கலங்கியது.

டாக்டர் போன் செய்தார். அவர் சின்ன வயதுக்காரர், இவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்தம்மாவுக்குச் சனிக்கிழமை மகள் கல்யாணம், இரண்டு தடவை வந்து போக நேரமில்லை என்கிறார், மெழுகில் வைத்துப் பார்ப்பதை எப்படிச் செய்வது என்று தயங்கினார். "வச்சுப் பாக்கவே வேண்டாம் டாக்டர். நேரா முடிச்சே அனுப்புறேன். என் கண்ணு தப்பாது" என்றாள் அக்கா. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று நாள் வேலை பார்த்தாள். ஏறுபல் அச்சு அசலாக வந்தது. வியாழக்கிழமை காலை பெட்டியில் வைத்து அனுப்பும்போது, தாயைவிட்டுப் பிரிகிற பிள்ளையை வழியனுப்புகிற மாதிரி அனுப்பினாள்.

பதினொரு மணிக்கு டாக்டரிடமிருந்து போன் வந்தது. குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை. அந்தம்மா பல்லைப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தாராம். ஒரு வார்த்தை பேசாமல் கழற்றிப் பெட்டியில் வைத்தாராம். பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாராம்.

"அந்த ஏறுபல்லை மறைக்கத்தான் அவங்க வாழ்க்கை பூரா வாயில கை வச்சே பேசியிருக்காங்க அக்கா. அது தொலைஞ்சதுன்னு நிம்மதியா இருந்தாங்க. நீங்க திருப்பிக் குடுத்துட்டீங்க."

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு அந்தம்மா மறுபடி வருவார், அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா என்று டாக்டர் கேட்டார். முடியும் என்று சொல்லி வைத்தாள். முடியாது என்று சொல்ல அவளுக்குத் தெரியாது. ஆனால் போனை வைத்த பிறகு, இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு அவமானமாக இருந்தது. மகள் கல்யாணத்துக்கு ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கப்போகிறாள். அதற்கு இவள்தான் காரணம்.

சாப்பாட்டு நேரத்துக்கு வந்த வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அந்தப் பாட்டே பொய் என்றாள். காணாத முகத்துக்குச் சிரிப்பு வரைகிறானாம், யார் கேட்டார்கள் இவனை? இத்தனை வருஷமும் காதில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று ரேடியோவைப் பார்த்து முறைத்தாள். அவர் டப்பாவை மூடி, கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பாட்டுல ரெண்டாவது அடின்னு ஒண்ணு இருக்கு. நீ என்னைக்காவது அதைக் காது குடுத்துக் கேட்டிருக்கியா?"

"கேக்காம என்ன. அவ வேற மாதிரி சிரிச்சுட்டா. பாவம், அவனுக்கு ஏமாற்றம்."

"ஏமாற்றம்னு பாட்டுல எங்க இருக்கு? நீதான் லிப்டுக் குழிக்குள்ள என் குரலைக் கேட்டுட்டு ஆறடி ஆளை நினைச்சு வச்சிருந்தே. வெளிய வந்தது நான். திருப்பி அனுப்பிட்டியா என்ன? நின்னு சிரிச்சே."

அவர் போனபிறகு அக்கா வெகுநேரம் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பாட்டை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாளோ, வரைந்து வைப்பதோடு அவள் காது நின்றுபோயிருக்கிறது. பாட்டில் அவன் வரைந்து வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. காட்ட வந்தான். வந்ததால்தான் அவளுடைய சொந்தச் சிரிப்பைப் பார்த்தான். இவள் இருபத்து நாலு வருஷமாகப் பெட்டியைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். போனதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கெல்லாம் டாக்டரின் அறையில் இருந்தாள். பையில் ஸ்பிரிட் விளக்கு, மெழுகு, கத்தி, நான்கு நிறத்தில் பல் ஒட்டிய அட்டைகள். டாக்டர் அதிசயமாகப் பார்த்தார். அந்தம்மா வந்தார். பஸ் நிலைய விசாரணைக் கவுண்டரில் வேலை. நாள் முழுக்கப் பேசுகிற வேலை, அதையும் கைக்குட்டையை வாயருகே பிடித்துக்கொண்டே பேசிப் பழகியவர். அக்கா கண்ணை மூடிப் பார்த்த சாதுவான பெண்மணி இவர் இல்லை. தாட்டியான உடம்பு, கணீர்க் குரல், எதிராளியை நேராகப் பார்க்கிற கண். அக்கா முதலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, வாழ்நாளில் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"உங்க பல்லு எப்படி இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

அந்தம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஐம்பது வருஷமாக யோசித்து வைத்திருந்தது. "நேரா இருக்கணும். புது மதில் சுவர் மாதிரி நேரா. என் கல்யாணப் போட்டோவுலயும் வாய் மேல கைதான். என் மக கல்யாணத்துல ஒரே ஒரு போட்டோவுக்கு நான் கையக் கீழ போட்டு நிக்கணும்மா."

அக்கா விளக்கைப் பற்ற வைத்தாள். அந்தம்மா வேண்டாமென்ற பல்வரிசையை ஒதுக்கி வைத்துவிட்டு, அங்கேயே, நாற்காலிக்குப் பக்கத்தில், ஒவ்வொரு பல்லாக மெழுகில் நட்டாள். வைத்துப் பார்த்து, கண்ணாடியைக் காட்டி, எடுத்து, மறுபடி நட்டாள். இவ்வளவு நேரான வரிசை அக்காவின் ரசனைக்குக் கொஞ்சமும் ஒத்துவரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நட்டாள். அதற்கு மேல் அந்தம்மா இன்னும் வெள்ளையாக வேண்டும் என்றார்.

"இவ்வளவு வெள்ளை வச்சா கீழ்ப்பல்லு காட்டிக் குடுத்துடும்" என்றாள் அக்கா.

"காட்டிக் குடுக்கட்டும். ஒளிச்சது போதும்."

வாய் மூடாமல் பேசி, கடைசியில் ஒரு எண் வெள்ளை கூட்டுவதென்று முடிவாயிற்று. அன்று மாலை ஏழு மணிக்குப் பாலிஷ் போட்டு முடித்து, பெட்டியை அக்காவே கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தம்மா போட்டுப் பார்த்துவிட்டு, நன்றி என்று ஒரே வார்த்தை சொன்னார். ஆனால் பழக்கம் விடவில்லை, அதைச் சொல்லும்போதும் கை தானாக வாய்க்குப் போய்விட்டது. நாளைக்கும் அந்தக் கை இப்படி மேலே போய்விட்டால்?

சனி போயிற்று, ஞாயிறு போயிற்று. திங்கட்கிழமை காலை டாக்டர் அனுப்பிய ஒரு படம் போனில் வந்து விழுந்தது. அக்கா கையிலிருந்த பிளாஸ்டர் தூசியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். மணப்பெண் பக்கத்தில் அந்தம்மா. யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும், தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை இறுக்கி மூடி, மேல் ஈறு தெரிய, வலதுபக்கம் கொஞ்சம் கோணிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கை மகளின் கையைப் பிடித்திருந்தது. மற்றது தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் கீழே. பற்கள் நேராகத்தான் இருந்தன, சிரிப்புதான் நேராக இல்லை. அந்தக் கோணல் அக்கா செய்ததல்ல, அந்தம்மாவுடைய சொந்தம். அதை எந்த அச்சும் அனுப்பியிருக்காது, எத்தனை தடவை கண்ணை மூடினாலும் தெரிந்திருக்காது. அக்கா அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாள். மதியம் வந்த வீட்டுக்காரருக்குக் காட்டினாள், அவர் வழக்கம்போல நிதானமாகச் சாப்பிட்டார்.

அந்த வாரமே எல்லா டாக்டர்களுக்கும் புதுச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தாள். வயது, ஆணா பெண்ணா, நிற எண், அதற்குக் கீழே நான்காவதாக ஒரு வரி: 'எப்படிச் சிரிக்க ஆசை? நோயாளியைக் கேட்டு எழுதவும்.' டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர், இது பல் வைத்தியமா கவிதைப் போட்டியா என்று கேட்டார். எழுதாமல் வந்த பெட்டியை அக்கா அச்சைத் தொடாமலே திருப்பி அனுப்பினாள். கண்ணை மூடி ஆளை உண்டாக்குவதையும் அவள் விட்டுவிடவில்லை. அது இல்லாமல் அவளுக்குக் கை ஓடாது. ஆனால் வரைந்ததை இப்போது மெழுகிலேயே காட்டுகிறாள். முடிந்தபோதெல்லாம் நேரில் போய்.

நிரப்பி வந்த முதல் சீட்டு, எழுபத்து நாலு வயது ஆண். நான்காவது வரியில் டாக்டரின் கிறுக்கல் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: 'சத்தமாக.'

அக்கா சீட்டை விளக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து, அந்தப் பாட்டை இரண்டு அடியும் முழுசாக முணுமுணுத்தாள். சத்தமாகச் சிரிக்கிறவருக்குப் பல் பாதிச் சிரிப்பில் நழுவிவிடக் கூடாது. அண்ணத்தில் கெட்டியாகப் பிடித்து உட்கார வேண்டும். அச்சை எடுத்து வெளிச்சத்தில் திருப்பி, முதலில் அண்ணத்தின் ஆழத்தை அளந்தாள்.