நான் ஏறாத வெள்ளைப் படகு

வெளிநாட்டிலிருந்து வந்த மகன், குடும்பத்தோடு கடலில் சுற்றிவர ஒரு மோட்டார் படகு வாங்கப் போவதாகச் சொன்னான். எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. தொழில் வள்ளத்தில் பெண் கால் வைத்தால் மீன் படாது என்று என் வீட்டுக்காரர் சாகும்வரை என்னை ஏற்றவில்லை. பட்ட மீனை வெட்ட மட்டும் பெண் கை வேண்டும்.

விற்பவரின் வளவில் இரண்டு படகுகள் நின்றன. ஒன்று தட்டையான அடியும் உட்காரப் பலகையுமாக உயரமில்லாமல் பதிவாக இருந்தது. மற்றது வெள்ளை வெளேரென்று, கூரையும் மெத்தைக் கதிரையும் பெரிய இயந்திரமுமாக உயர்ந்து நின்றது.

"அம்மா, எது நல்லம்?"

"பலகை வச்சதுதான். எங்கட பள்ளிமுனைக் கரையில கடல் வத்தினா வெறும் சேறு. இதெண்டா கரைக்கே வரும், நானும் ஏறிடுவன்."

மருமகள் முகத்தைச் சுளித்தாள். "மாமி, இது கருவாடு ஏத்துற வள்ளம் மாதிரிக் கிடக்கு. படம் எடுத்தா வடிவா வராது."

"படத்துக்கே வாங்கிறியள் பிள்ளை? அப்ப சுவரில கொழுவப் பெரிய ஆணியும் வாங்குங்கோ."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெள்ளையை வாங்கினார்கள்.

தேவாலயத்துச் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தார். இங்கே வழக்கப்படி படகின் பக்கத்தில் தாயின் பெயரை, அதாவது என் பெயரை, நீல எழுத்தில் எழுதினார்கள்.

கடலுக்குப் போன அன்று தண்ணீர் வற்றிக் கிடந்தது. படகு கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நின்றது. இந்தச் சேற்றில் விளையாடி வளர்ந்த மகன் அதை மறந்திருந்தான். எல்லோரும் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். நானும் இறங்கினேன். கால் புதைந்தது, முழங்கால் மறுத்துவிட்டது. மகன் என்னை இழுத்துக் கரையில் விட்டான்.

"நீங்கள் இருங்கோ அம்மா. அடுத்த முறை வரேக்க கட்டாயம் கூட்டிக்கொண்டு போறன்."

"ஓம் ராசா, அதுக்கிடையில நான் மெலிஞ்சிடுவன். சேறு தாங்கும்."

அவன் சிரித்துக்கொண்டே போனான். நான் பகிடி விட்டால் எனக்கு நோகவில்லை என்று நினைப்பவன் அவன்.

"அப்பம்மா, செருப்புகளைப் பாத்துக்கொள்ளுங்கோ!" என்று பேத்தி கத்தினாள். நாய் தூக்காமல் எல்லாவற்றையும் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டேன். படகு ஆழ்கடல் பக்கம் திரும்பியபோது அவர்கள் கை காட்டினார்கள். நானும் ஒரு செருப்பைத் தூக்கிக் காட்டினேன்.