1872-இல் நிறுத்தி வைத்த வீடு

“ஸ்டென்ஸ்ருட் குடும்பம் போனதுக்கு அப்புறம் இந்த வீட்ல யார் இருந்தாங்க?” என்று வீட்டைப் பார்க்க வந்த கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். ஆர்டிஸ் மோன் துணிக் குல்லாயின் நாடாவை முகவாய்க்குக் கீழே இறுக்கிக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொல்வார்: “அது எனக்கு எப்படிங்க தெரியும்? இன்னும் நடக்கவே இல்லையே.”

கூட்டம் சிரிக்கும். வாசலில் டிக்கெட் கொடுக்க உட்கார்ந்திருக்கும் எனக்குச் சிரிப்பு வராது. அதற்கப்புறம் அந்த வீட்டில் இருந்தது மோன் குடும்பம். ஆர்டிஸ் பிறந்ததே அந்த மாடியறையில்தான்.

எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் சட்டம் அப்படி. மினசோட்டாவின் இந்த மூலையில் முதன்முதலாக மரம் வெட்டி வீடு கட்டியவர்கள், நார்வேயிலிருந்து வந்த ஸ்டென்ஸ்ருட் தம்பதி. ஆண்டு 1872. ஆகவே அந்த வீட்டுக்குள் எப்போதும் 1872தான். வழிகாட்டுகிறவர் நீளப் பாவாடை கட்டிக்கொண்டு குன்ஹில்ட் ஸ்டென்ஸ்ருட்டாகவே பேச வேண்டும். “வாங்க வாங்க, எங்க வீட்டுக்காரர் ஹால்வோர் வயலுக்குப் போயிருக்கார்” என்று வரவேற்க வேண்டும். அந்த ஆண்டுக்குப் பிற்பட்ட எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

ஸ்டென்ஸ்ருட் குடும்பம் அங்கே இருந்தது என்னவோ சில வருடங்கள். வெட்டுக்கிளிகள் வந்து கோதுமையைத் தின்றுவிட்டுக் கொடியில் காய்ந்த சட்டையையும் தின்றன. வண்டியைக் கட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. போனவர்களுக்கு வாசலில் வெண்கலப் பலகை. அவர்களுக்கும் முன்னால் இந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்ட டகோட்டா மக்களுக்கு வேலியோரப் பலகையில் நாலு வரி. வெட்டுக்கிளி, ஆலங்கட்டி, கடன் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு அங்கேயே கிடந்த மோன் குடும்பத்துக்கு அந்த நாலு வரிகூடக் கிடையாது.

ஆர்டிஸுக்கு எழுபது தாண்டிவிட்டது. நெடுநெடுவென்ற உயரம், பால் கறந்து கறந்து அகலமான கைகள். மாடிப்படியின் நடுவில் உத்தரம் வருவதற்கு முன்பே தலை தானாகக் குனியும். பின்னால் வருகிறவர்கள் ‘ணங்’கென்று இடித்துக்கொள்வார்கள். கூடத்தில் சங்கம் எங்கிருந்தோ வாங்கி வைத்த ராட்டை ஒன்று இருக்கிறது. அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. “இந்தப் பூதத்தை அந்தக் குன்ஹில்ட் கப்பல்ல ஏத்திக்கிட்டு கடல் கடந்து வந்தாளாமா? அவ என்ன மடச்சியா?” என்று என்னிடம் முணுமுணுப்பார். ஆட்கள் வந்ததும் உட்கார்ந்து சுற்றுவார், வேண்டுமென்றே தலைகீழாக. இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

1980-களில் பாங்கிக் கடனில் மோன் குடும்பத்தின் பண்ணை முழுகியது. வாங்கினவனுக்கு நிலம்தான் வேண்டியிருந்தது. வீட்டைச் சங்கத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். சங்கம் சுவர்க் காகிதத்தை உரித்தது, மின்கம்பிகளைப் பிடுங்கியது, ஆர்டிஸின் அப்பா அடித்த வெளிப்பலகைகளைக் கழற்றி உள்ளேயிருந்த பழைய மரக்கட்டைகளைக் காட்டியது. அந்தக் கோடையிலேயே ஆர்டிஸ் சம்பளமில்லா வழிகாட்டியாகச் சேர்ந்தார். வரலாற்றின் மேல் என்ன பற்று பாருங்கள் என்று ஊர் மெச்சியது. என்னிடம் அவர் சொன்னது வேறு. “எங்க வீட்டுக்குள்ள நான் கால் வைக்க வேற என்னங்க வழி?”

மோன் குடும்பத்துடையதென்று மிஞ்சியிருந்தது பின்புறச் சமையலறை மட்டும். ஆர்டிஸின் அம்மா செல்மா சண்டை போட்டுக் கட்டவைத்தது. “குதிரைக்கு ஒரு கொட்டகை, கோழிக்கு ஒரு கொட்டகை, எனக்கு மட்டும் என்ன கேடு?” என்று கணவனைக் கேட்டு, சிமெண்டையும் தானே குழைத்தாராம். மஞ்சள் அலமாரி, கிழக்கே ஒரு ஜன்னல். சங்கத்துக்கு அது துடைப்பம் வைக்கிற இடம். ஆர்டிஸ் மதியச் சாப்பாட்டை அங்கேதான் சாப்பிடுவார். அந்த அரை மணி நேரம் மட்டும் குன்ஹில்டாக இருக்க வேண்டியதில்லை.

போன வசந்தத்தில், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சங்கக் கூட்டம். தலைவி லவோன் ஹாகன் ஆர்டிஸோடு ஒரே வகுப்பில் படித்தவர். சமையலறையை இடித்துவிடலாம் என்று பேச்சை எடுத்தார்.

“அது அசல் இல்ல ஆர்டிஸ். பின்னாடி ஒட்டவெச்சது. பார்க்க வர்றவங்க குழம்பிடறாங்க.”

“எங்கம்மா ஆயுசு பூரா நின்னு ஆக்கிப்போட்ட இடம்டி. நீயும் அங்க உக்காந்து லெஃப்சா ரொட்டி தின்னிருக்கே. அப்ப அது போலியாத் தெரியலையா?”

“தின்னேன், இல்லேன்னு சொல்லலையே. ஆனா உங்கம்மா முன்னோடி இல்லையே, ஆர்டிஸ்.”

எங்கள் ஊரில் ஒருவரோடு ஒத்துப்போகாதவர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள்; காப்பிக் கோப்பைக்குள் பார்ப்பார்கள். அன்றைக்கு அத்தனை பேரும் கோப்பைக்குள் பார்த்தபடியே இடிப்பதற்குக் கையைத் தூக்கினார்கள்.

“சரி, ஒரு பலகையாவது வைங்க,” என்றார் ஆர்டிஸ். குரல் இறங்கிவிட்டது. “செல்மா மோன் சமைச்ச இடம்னு. அது போதும்.”

“1872-ல அந்தப் பேரை எப்படிம்மா வைக்கிறது?” என்று லவோன் மெதுவாக, நிஜமான வருத்தத்தோடு சொன்னார். அந்தக் கனிவைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஆர்டிஸ் எழுந்து, வழக்கம்போல எல்லார் கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

ஒரு முற்பகலில் இடித்து முடித்தார்கள். சமையலறைக்குப் போகிற வாசலை, பக்கத்து மாவட்டத்தில் எவனுடைய களஞ்சியத்திலிருந்தோ விலைக்கு வாங்கிவந்த பழைய கட்டைகளால் அடைத்தார்கள். அதற்குப் பெயர் அசல். பின்பக்கம் புல் முளைக்காத ஒரு சதுரம் மட்டும் கிடக்கிறது.

“இந்த வேலையை விட்டுட்டுப் போயிடுங்களேன்,” என்றேன் ஆர்டிஸிடம்.

“போனா, ஒரு காலேஜ் பொண்ணைப் பிடிச்சு நிறுத்துவாங்க. அது ராட்டையை ஒழுங்காச் சுத்தும்.”

போன சனிக்கிழமை அயோவாவிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள். வீட்டைக் காட்டி முடித்து, கிணற்றைக் காட்ட அவர்களைப் பின்பக்கம் அழைத்துப் போனார் ஆர்டிஸ். நானும் கூடப் போனேன். நேராக அந்தச் சதுரத்தின் குறுக்கே நடந்தால் நாலு எட்டில் கிணறு. அவர் குறுக்கே நடக்கவில்லை. சுவர் இன்னும் இருப்பதுபோல ஓரமாகவே சுற்றிக்கொண்டு, அம்மாவின் வெளிவாசல் இருந்த இடத்துக்குப் போய் நின்றார். வலது காலைப் புல்லில் துடைத்தார். இடது காலைத் துடைத்தார். பிறகு வெறும் மண்ணில் அடியெடுத்து வைத்து, உள்ளே போய், திரும்பி நின்றார். அயோவாக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 1872-இல் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். ஒவ்வொருவராகச் செருப்பைப் புல்லில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். கடைசி ஆள் துடைத்து முடிக்கும்வரை ஆர்டிஸ் நகரவில்லை.