ரங்கூன் டீக்கடையின் பின்பக்கம்

ரங்கூன் துறைமுகத்துக்கு எதிரே ஒரு தமிழர் நடத்தும் டீக்கடை. கப்பலேற நேரமிருப்பதால் உள்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அமெரிக்கச் சரக்குக் கப்பலின் சமையற்காரர் ஒருவர், நெடுநெடுவென்று உயர்ந்த கறுப்பர், வாசல்வரை வந்துவிட்டு உள்ளே ஏறாமல் கடையைச் சுற்றிப் பின்பக்கம் போகிறார். கடை முதலாளி பதறி எழுந்து ஓடி, கையோடு அழைத்து வந்து என் பக்கத்தில் உட்காரவைக்கிறார்.

அவர் ஊர் மிசிசிப்பியாம். அங்கே கறுப்பருக்குப் பின்வாசல்தான். பழக்கத்தில் கால் அங்கே போய்விட்டது என்று சிரிக்கிறார். ஓட்டுரிமை கேட்டுப் போன அவருடைய அண்ணனை ஊரைவிட்டே விரட்டிவிட்டார்களாம். நான் அதைத் தமிழில் சொன்னதும் முதலாளிக்குக் கண் கலங்குகிறது.

"அடப்பாவிகளா! இவரும் மனுஷன்தானே?" கண்ணாடி கிளாஸைத் தாமே கழுவி, டீயை ஆற்றிக் கொடுக்கிறார்.

சமையற்காரர் அதை வாயில் வைக்கவில்லை. "பின்னால் நாலு பேர் கொட்டாங்கச்சியில் குடிக்கிறார்களே, அவர்கள் யார்?" என்று என்னைக் கேட்கிறார்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தமிழர்கள். முதலாளியைவிட அவர்கள் ஒரு மாற்றுக்கூடக் கூடுதல் கறுப்பில்லை. அவர்களுக்கு மட்டும் ஏன் கொட்டாங்கச்சி என்று முதலாளியிடமே கேட்கிறேன்.

"அது நம்ம சாதி வழக்கம் ஐயா. வெளியாளுக்குப் புரியாதுன்னு சொல்லிடுங்க."

சொல்கிறேன்.

"எங்கள் ஊர் வெள்ளைக்காரரும் இதையேதான் சொல்வார்கள்" என்றபடி சமையற்காரர் டீயோடு எழுந்து பின்பக்கம் நடக்கிறார்.

முதலாளி மறுபடியும் பதறி எழுகிறார்.

"ஐயா, அந்தக் கிளாஸை மட்டும் இங்கேயே வச்சிட்டுப் போகச் சொல்லுங்க!"