மாரியம்மா வந்த கூட்டம்

போன வாரம் பந்தல்குடியில் ஒரு டீக்கடை வாசலில் நின்றிருந்தேன். தூத்துக்குடி ரோட்டில் கரிமூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்து ஓரங்கட்டியது. லேசான தூறல். நனைந்த சாக்குகளிலிருந்து கருவேலங்கரி வாடை கிளம்பி மூக்கில் ஏறியதும், டீ ஆறுவதுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன். உங்களுக்கு அது வெறும் கரி வாடைதான். எனக்கு அது நரிக்குடிக்கு அந்தப்பக்கம் நான் முதன்முதலில் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் வாடை.

அந்த ஊரில் பாதிப் பேருக்குக் கரிமூட்டம் போடுகிற வேலை. விறகை அடுக்கி, மண்ணால் மூடித் தீ வைத்துக் கரியாக்குவார்கள். பிள்ளைகளின் சட்டையிலும் பையிலும் அந்தப் புகை ஊறியிருக்கும். எனக்குக் கொடுத்தது ஐந்தாம் வகுப்பு. சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் பெற்றோர் கூட்டம் நடத்தச் சொல்லிவிட்டார் தலைமையாசிரியர்.

பயந்துபோனேன். என்னைவிட மூத்தவர்களிடம் அவர்கள் பிள்ளைகளைப் பற்றி நான் என்ன சொல்ல? அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசிப் பார்ப்பேன். வீரசோழனுக்குப் போகிற ஒரு அம்மா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என்னம்மா, எதுவும் ஓதுறியா?” என்று கேட்டேவிட்டார்.

வீடு வீடாகப் போய்க் கூப்பிடலாம் என்று கிளம்பியபோது தலைமையாசிரியர் தடுத்தார்.

“ராக்கு வீட்டுக்கு மட்டும் போக வேணாம் டீச்சர்.”

என் வகுப்பு ராக்குவின் அண்ணன் செல்வம் முந்தின வருடம் இதே வகுப்பில் படித்தவன். ஒருநாள் இன்டர்வெல்லில் வெளியே போய்க் கண்மாயில் இறங்கியிருக்கிறான். பிணமாகத்தான் எடுத்தார்கள்.

“அந்தம்மா அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வாரதில்ல. நானும் காரியத்தன்னைக்குப் போனதுதான். அவுக முகத்தப் பாக்க எனக்குத் தெம்பில்ல” என்றார்.

ஆனால் ராக்கு வகுப்பில் வாயே திறப்பதில்லை. அவள் அம்மாவைப் பார்க்காமல் என்ன பெற்றோர் கூட்டம்?

போனேன். ராக்குவின் அம்மா மாரியம்மா வாசலில் விறகுக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஓதிய அத்தனையும் மறந்துவிட்டது.

“நான் ராக்கு டீச்சர். புதன்கிழமை சாயங்காலம் கூட்டம். வரணும்.”

“அவுகப்பா மூட்டத்துல இருப்பாக.”

“நீங்க வாங்க.”

ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை பிள்ளைகளும் நானும் வகுப்பறையைக் கழுவிவிட்டோம். பலசரக்குக் கடைக்காரரிடம் ஜமுக்காளம் இரவல் வாங்கி விரித்தோம். பெஞ்சு போதாது என்று நான் தவித்தது வீண். வந்தவர்கள் எல்லாரும் தரையில் வசதியாக உட்கார்ந்தார்கள். நான் எழுந்து பேச ஆரம்பித்தேன். முதல் வாக்கியத்திலேயே உளறினேன். சன்னலுக்கு வெளியே என் பிள்ளைகளே சிரித்தார்கள்.

பாதியில் மாரியம்மா வாசலில் வந்து நின்றார்.

எல்லாரும் நகர்ந்து வழி விட்டார்கள். அவர் சுவர் ஓரமாக உட்கார்ந்தார். தலைமையாசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்று, பிறகு அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“எம் மக எப்பிடிப் படிக்கிறா டீச்சர்?”

“எழுதுறா. கிளாஸ்லதான் பேச மாட்டேங்கிறா. ஆனா மத்தியானம் ஒண்ணாப்புப் பிள்ளைகள உக்கார வச்சுக் கதை சொல்றா. நானே கேட்டிருக்கேன்.”

“என்ன கதை?”

சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினேன்.

“அவ அண்ணன் செஞ்ச சேட்டையெல்லாம்.”

மாரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “வீட்டுல அவன் பேரையே எடுக்க மாட்டாளே. நான் அழுவேன்னு பயந்துருக்கா” என்றார்.

தலைமையாசிரியர் தலை குனிந்தபடியே பேசினார். “அன்னைக்கு நான் பாத்திருக்கணும்மா. இப்பெல்லாம் இன்டர்வெல் விட்டா வாசல்லதான் நிக்கிறேன். ஒரு பிள்ளைய வெளிய விடுறதில்ல.”

அவர் அப்படி நிற்பதைத் தினமும் பார்த்தவள் நான். கண்டிப்பான மனுஷர் என்றுதான் நினைத்திருந்தேன்.

“தெரியும் சார்” என்றார் மாரியம்மா. “வெறகு கொண்டு போகையில தூரத்துலருந்து பாக்கத்தான் செய்றேன். வெயில்ல நிக்காதீக. ஓரமா நில்லுங்க.”

அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் நான் என்ன பேசினேன், யார் யார் என்ன கேட்டார்கள் என்பது எதுவும் நினைவில்லை.

ராக்கு அந்த வருடம் முடிவதற்குள் வகுப்பில் வாய் திறந்தாள். பிறகு அடக்குவதுதான் பெரும்பாடாயிற்று. இப்போது திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறாள். மாரியம்மாவையும் கூட்டிப் போய்விட்டாள். தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற சில வருடங்களில் இறந்துபோனார். பிள்ளைகள் குறைந்து குறைந்து பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். இருக்கிற நாலைந்து பேரும் வேனில் வேறு ஊருக்குப் போகிறார்கள்.

ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். கட்டடத்தை இடித்துக் கல்லைக்கூட அள்ளிவிட்டிருந்தார்கள். சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். அதில் ஆடுகள் படுத்துக் கிடந்தன. மாரியம்மாவும் தலைமையாசிரியரும் எதிரெதிரே உட்கார்ந்த இடம் எதுவென்று தேடினேன். சுவர் இல்லாமல் அடையாளம் தெரியவில்லை.