பசைக்காரி பூசிய கல்

கல் பட்டறையில் அவளுக்குப் பெயர் பசைக்காரி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். எல்லைக்கு அந்தப் பக்கம் லாரி லாரியாகப் போகிற கல் பலகைகளில், கண்ணுக்குத் தெரிகிற விரிசலைத் தெரியாமல் ஆக்குவதுதான் அவள் வேலை. அதே கல்லின் பொடியைப் பசையில் குழைத்து, நிறம் பார்த்து, கத்தி முனையால் உள்ளே தள்ளி, காய்ந்ததும் தேய்த்துவிடுவாள். அப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் அந்த விரிசல் கிடைக்காது.

விரிசலைக் கண்டுபிடிக்க எல்லோருக்கும் தெரிந்த வழி, தண்ணீர் ஊற்றுவது. கல் முழுக்கக் காய்ந்த பிறகும் விரிசல் மட்டும் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கறுப்பாக நிற்கும். மயிர்க்கோடு என்பார்கள். மற்றப் பெண்கள் பூசிய பலகையில் அது லேசாக எட்டிப் பார்க்கும். பசைக்காரி பூசியதில்? மூச்! அதில் அவளுக்குத் தாங்க முடியாத கர்வம். இருக்கட்டுமே. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஒற்றைப் பெண்ணை அந்த இரண்டு கையாலேயே ஆளாக்கியவள் கர்வப்படாமல் வேறு யார் படுவது?

ஆரம்பத்தில் அவளுக்கும் உறுத்தத்தான் செய்தது. மேஸ்திரியிடம் கேட்டாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இதெல்லாம் அங்க தரைக்குப் போடுறதும்மா. மண்ணு மேல கிடக்குற கல்லு விரிஞ்சா யார் தலையில விழப்போகுது?"

நியாயமாகத்தான் பட்டது. பிழைப்பும் நடக்க வேண்டும், ராத்திரி தூக்கமும் வர வேண்டும் என்றால் மனுஷருக்கு இப்படி ஒரு பதில் போதும். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

கல் எடுக்க அந்தப் பக்கத்திலிருந்து வரும் முதலாளியோடு, அவருக்கு வீடு கட்டித் தருகிற கொத்தனார் ஒருவனும் வருவான். வாய் திறந்து பேச மாட்டான். முதலாளி பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது இவன் பசைக்காரியின் பக்கத்தில் வந்து நின்று அவள் கையையே பார்ப்பான். கடைசியில் அவனே பெண் கேட்டு வந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும், மாமியார் பூசின பூச்சில் மாப்பிள்ளை ஒட்டிக்கொண்டான் என்று கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

மகளுக்கு நிறைமாசம் என்று தெரிந்ததும் லீவு சொல்லிவிட்டு எல்லை தாண்டிப் போனாள். மகள் இருந்தது முதலாளி விற்கக் கட்டிய புது வீட்டில், மூன்று மாடி. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாப்பிள்ளைக்கு. அதனால் மேல் மாடியில் வாடகையில்லாமல் குடியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததுமே பசைக்காரி நின்றுவிட்டாள். செங்கல் நிறத்தில் சாம்பல் வரி ஓடுகிற கல். அவள் பட்டறைக் கல்லேதான்! ஆனால் தரையில் இல்லை. மாடிப்படியாக நின்றது. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு முனை சுவருக்குள், மறுமுனை அந்தரத்தில். கீழே தாங்க ஒரு கம்பிகூட இல்லை. அழகு என்றால் அழகு, சும்மா சொல்லக்கூடாது. ஆனாலும் ஏறும்போது அவளுக்குக் கால் கூசியது. நல்ல பலகையாகப் பொறுக்கித்தான் போட்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மகள் எவ்வளவு தடுத்தும் கேளாமல் படிகளைக் கழுவிவிட்டாள். வாசலில் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பியபோது படிகள் காய்ந்திருந்தன. ஒன்று மட்டும் காயவில்லை. கீழ்க்கூடத்தில் நின்று கையைத் தூக்கினால் அடிப்பக்கம் எட்டுகிற உயரத்தில் இருந்த படி. சுவரை ஒட்டி, முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை, கறுப்பாக ஒரு கோடு.

அவள் அந்தப் படிவரை ஏறினாள். குனிந்து நகத்தால் சுரண்டினாள். ஆள் ஏறி இறங்கி இளகியிருந்த பசை பெயர்ந்து பொடியாக வந்தது. பொடியின் நிறம் கல்லின் நிறத்தோடு அச்சு அசலாக ஒத்துப்போயிருந்தது. இவ்வளவு பொருத்தமாகக் குழைக்கிற ஆள் பட்டறையில் ஒருத்திதான்.

கீழேயிருந்தே மகளைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை வருகிறவரை கீழே இறங்காதே என்றாள். கோட்டைப் பற்றியும் சொன்னாள். மகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாள் தவறாமல் ஏறி இறங்குகிறேன், இன்றைக்கு வந்து பயமுறுத்துகிறாயே என்று சிரித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பசைக்காரி கீழ்க்கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். படியை அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது.

மதியம் மாப்பிள்ளை சாப்பிட வந்தான். வாசலிலேயே மறித்துக் கோட்டைக் காட்டினாள். பட்டறைக்காரர்களைத் திட்டுவான், தன்னையும் திட்டுவான், திட்டிவிட்டுப் போகட்டும், கல்லை மாற்றினால் சரி என்றிருந்தது அவளுக்கு.

"மாப்பிள்ளை, இது விரிஞ்ச கல்லு. நான்தான் பூசுனேன்."

"தெரியும் அத்தை," என்றான் அவன் சாதாரணமாக. "நீங்க பூசுனதுன்னாதான் எங்க முதலாளி எடுப்பாரு. மத்தவங்க பூசுனது சீக்கிரமே தெரிஞ்சிடுது. நல்ல கல்லு வாங்கிப் போட்டா யாருக்குக் கட்டுப்படியாகும்?"

"தரைக்குன்னுதானே சொன்னாங்க."

"தரைக்கு இப்ப எவன் கல்லு போடுறான்? எல்லாம் படிக்கும் பால்கனிக்கும்தான். இங்க பள்ளிக்கூடத்துல மூணு மாடிக்கும் உங்க கல்லுதான் அத்தை, போய்ப் பாருங்க."

அவன் குரலில் குத்தல் இல்லை. பெருமைதான் இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இத்தனை காலமும் தன் கையையே பார்த்துக்கொண்டு அவன் எதற்கு நின்றான் என்பது இப்போதுதான் விளங்கியது. எந்தத் தெருவில், எந்த வீட்டில், யார் கால் எந்தப் படியில் என்று அவளுக்குக் கணக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. ஒன்றுகூடத் தெரியக்கூடாது என்றுதானே அத்தனையையும் பூசினாள்!

மாப்பிள்ளை பைக் பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தான். பசைதான்.

"பதறாதீங்க. ஒரு கை பூசி விட்டுடுங்க, சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும். ஊர்ல எல்லா வீடும் இப்படித்தான். இதுக்குப் பயந்தா மரத்துல ஏறித்தான் குடியிருக்கணும்."

பைக் சத்தம் மாடிக்கும் கேட்டிருக்க வேண்டும். மகள் இறங்கி வருகிற காலடி கேட்டது. வராதே, அங்கேயே நில் என்று பசைக்காரி கத்தினாள். காலடி நிற்கவில்லை. மேலே ஓடிப்போய்த் தடுக்கலாம் என்றால் தன் பாரமும் அந்தப் படியில்தான் விழ வேண்டும். டப்பாவைக் கீழே போட்டாள். படிக்கு அடியில் போய் நின்று, இரண்டு கையையும் தூக்கிக் கல்லுக்கு முட்டுக்கொடுத்தாள்.

"என்ன அத்தை இது, சின்னப்பிள்ளை மாதிரி!" என்று மாப்பிள்ளை சிரித்தான்.

அவள் அசையவில்லை. மேலே மகள் மூச்சு வாங்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். பிறகு இரண்டு உயிரின் பாரமும் மெதுவாகத் தன் உள்ளங்கையின் மேல் வந்து நிற்பதை அம்மா உணர்ந்தாள்.